நான்காவது ஆட்சேபணை

ஜனவரி 9

அன்புள்ள மேட்ரனுக்கு,

இந்தக் கடிதத்தில் அடங்கியவை:

1. என் உடல்நிலை
2. வீட்டு நிலவரம்
3. தெருமுனை சுகாதார நிலையத்தில் நடந்தது
4. உன் வேலை
5. தாடி டாக்டர்
6. நீ திரும்பி வரும் நாள்

போனில் பேசினால் போதாதா என்பாய். போனில் நீ சொல்வதற்கெல்லாம் 'சரி, சரி' என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் அதில் எது சரியில்லை என்று தோன்றுகிறது. எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். தவிர, நமக்கு இது புதிதும் அல்ல. நீ ஊர் ஊராக மாற்றலாகிப் போன காலத்தில் நம் குடித்தனம் பாதி தபாலில்தான் நடந்தது.

ஒன்று. மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு. பால் இரண்டு முறை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கீழ்வீட்டு டெய்லர் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். அவருடைய மகள் இரண்டாவது பிரசவத்துக்கு ஐந்தாம் மாதமே வந்துவிட்டாள். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழி விடுகிறாள். நானும் ஒதுங்கி நிற்பேன். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்போம்.

மூன்று. பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "என்ன சார், மேடம் இல்லாம ஏறிக் கிடக்கு?" என்றாள். வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "யாரு இவரு?" என்று கேட்டாள்.

"தெரியாதா? மேடத்தோட வீட்டுக்காரர்."

"அட! அவங்களாலதான இப்ப இங்க மாத்திரை கிடைக்குது. முன்னல்லாம் அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னு அலைய விடுவாங்க. எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு ரூல் போட்டு வெச்சிருந்தானாம்."

அந்த எவனோ ஒருத்தன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

நான்கு. சுகாதார நிலையங்கள் மருந்து வாங்கத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நான் எழுதியதற்குக் காரணம் இருந்தது. மருந்து திருட்டுத்தனமாக வெளியே விலைபோன காலம் அது. நர்ஸும் டாக்டரும் மூன்று வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்கக் கூடாது என்ற விதியும் என்னுடையது. சிபாரிசில் நல்ல இடம் பிடித்துக்கொண்டு நகராதவர்களை அதுதான் நகர்த்தியது. நான் நிர்வாக அலுவலராக இருந்தவரை என் கண் படாமல் ஒரு வாக்கியம் வெளியே போனதில்லை. இன்று அந்த வாக்கியங்களை எல்லாம் என் மனைவி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறாள். ஓய்வு பெற்ற மேட்ரனைச் சிறப்பு ஆலோசகராக அழைத்த அரசாங்கத்துக்கு, அதே துறையில் ஓய்வு பெற்ற இன்னொருவன் அதே வீட்டில் இருப்பது தெரியவில்லை. இதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஐந்து. உன் கடிதங்கள் எல்லாவற்றிலும் தாடி டாக்டர் வருகிறார். உங்கள் சீர்திருத்தக் குழுவின் தலைவர் என்ற முறையில் வருவது சரி. தேநீர் போட்டுக் கொடுக்கிறவராக வருவது எந்த முறையில் என்று தெரியவில்லை.

ஆறு. ஜூன் மாதத்தோடு உன் ஒரு வருடம் முடிகிறது. முதல் வாரமா, கடைசி வாரமா என்று எழுதினால் வெள்ளையடிக்க ஆள் சொல்ல வசதியாக இருக்கும்.

உன்
வீட்டுக்காரன்


ஜனவரி 20

என்னங்க,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண், "என்ன மேடம், வீட்லேர்ந்தா?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், "நம்பர் போட்டிருக்கே" என்கிறாள். உங்கள் புகழ் இங்கேயும் பரவியிருக்கிறது.

என் அறை ஆஸ்பத்திரியின் பழைய சலவைக்கூடத்துக்கு மேலே. கீழே இயந்திரம் சுற்றும்போது கட்டில் மெதுவாக நகர்ந்து சுவரோரம் போய்விடும். வாரத்துக்கு ஒரு தடவை இழுத்து நடுவில் போடுகிறேன். ஜன்னலைத் திறந்தால் சலவைச் சோடா வாசனை. எனக்குப் பழகிவிட்டது. பிடித்தும்விட்டது.

போன வாரம் காலையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். வரிசை தெருவைத் தாண்டிப் போகிறது. ஒரு பெரியவரிடம், "உங்க வீட்டுப் பக்கத்துலயே நிலையம் இருக்கே, அதை விட்டுட்டு ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "அங்க ஒவ்வொரு தடவையும் புது மூஞ்சிம்மா. மொதல்லேர்ந்து கதை சொல்லணும். இங்கயும் புது மூஞ்சிதான். ஆனா இங்க மூஞ்சி பெருசு" என்றார். எத்தனையோ நிபுணர் அறிக்கை படித்தேன். இப்படி ஒருவரும் எழுதவில்லை.

அதனால்தான் சீர்திருத்த வரைவில் மூன்று விஷயம் வைத்திருக்கிறோம். நம் தெருமுனையில் சோதனையாகச் செய்து பார்த்ததுபோல, இனி எங்கும் மருந்தை மண்டலமே வாங்கிக்கொள்ளும். சிறிய நிலையங்கள் மாலை வரை திறந்திருக்கும். ஒரு நர்ஸுக்கு இத்தனை குடும்பங்கள் என்று பிரித்துக் கொடுத்து, அவளை அங்கேயே விட்டுவிடுவது. மாற்றல் விதி ரத்து. அது உங்கள் விதி என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாடி டாக்டர் உங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். "உங்க வீட்டுக்காரர் எழுதின ஆணையில ஊசி நுழைய எடமில்ல மேடம். பிரிக்கறதுக்கு நாலு வக்கீல் வேணும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவர் எல்லாருக்கும்தான் தேநீர் போடுகிறார். சகிக்காது. தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. இன்னும் மூன்று வருடம் இருந்து இதை நடத்திக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்? நீங்களும் இங்கே வந்துவிடுங்களேன். நகரும் கட்டிலில் படுக்க உங்களுக்குப் பயமாக இருக்கும், அவ்வளவுதான்.

வரைவு அடுத்த வாரம் வெளியாகிறது. பொதுமக்கள் ஒரு மாதம் கருத்துச் சொல்லலாம்.

உங்கள்
வீட்டுக்காரி


பிப்ரவரி 3

அன்புள்ள மேட்ரனுக்கு,

இது சிறிய கடிதம். ஆகவே எண்கள் இல்லை.

மூன்று வருடம் என்பது உன் விருப்பம். என்னைக் கேட்பதாக எழுதியிருக்கிறாய். ஆனால் 'பிடித்தும்விட்டது' என்ற வரிக்குப் பிறகு அந்தக் கேள்வி வருகிறது. வரிசையைக் கவனிப்பது என் பழைய தொழில்.

என்னை அங்கே வரச் சொல்கிறாய். வந்து என்ன செய்வேன்? நீ அலுவலகம் போனதும் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பேன். மாலையில் தாடி டாக்டர் என்னைக் காட்டி, 'இவருதான் அந்த ஊசி நுழையாத ஆளு' என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டியிருக்கும்.

நேற்று மகளிடம் பேசினேன். "அப்பா, அம்மா டிவியில வந்தாங்க, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். கண்ணாடி புதிது. நன்றாக இருக்கிறது. யாருடைய தேர்வு?

வரைவைப் படித்தேன். பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்ற அறிவிப்பையும் படித்தேன். நானும் பொதுமக்களில் ஒருவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காரியம் செய்திருக்கிறேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. முறைப்படி செய்திருக்கிறேன். அதில் மட்டும் சந்தேகமில்லை.

வீட்டுக்காரன்


மார்ச் 2

ஐயா,

பொருள்: மண்டல சுகாதாரச் சீர்திருத்த வரைவு – மாற்றல் விதி ரத்து – ஆட்சேபணை – தொடர்பாக.

தாங்கள் அனுப்பிய ஆட்சேபணை மனு கிடைக்கப்பெற்றது. மாற்றல் விதியை ரத்து செய்யும் பிரிவின் மீது வந்த ஒரே ஆட்சேபணை தங்களுடையது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட ஐந்து ஆட்சேபணைகளும் பதிவு செய்யப்பட்டன. நான்காவது ஆட்சேபணை, 'ஓரிடத்தில் நீண்ட நாள் இருப்பவர் அந்த இடத்தைத் தமதென்று நினைக்கத் தொடங்குவார். அந்த நினைப்பு நிர்வாகத்துக்குக் கேடு' என்பது, தலைவரின் பார்வைக்குத் தனியாக வைக்கப்பட்டது.

நடைமுறைப்படி, ஆட்சேபணை வந்த பிரிவு மட்டும் விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. அதுவரை பழைய விதியே நடப்பில் இருக்கும். தவணை முடிந்த பணியாளர்களுக்கு மாற்றல் ஆணை வழங்கப்படும்.

விசாரணை ஏப்ரல் 19, காலை. தாங்கள் நேரில் வந்து வாதிடலாம்.

சிறப்பு ஆலோசகர்


மார்ச் 8

அன்புள்ள,

மேட்ரனுக்கு என்று எழுத இப்போது தயக்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. அதனால் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

'ஐயா' என்று எழுதியிருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறாய். கோபத்தில் 'இந்தாங்க' என்பாய். மிகுந்த கோபத்தில் மகளைப் பார்த்து, 'உங்கப்பாகிட்ட சொல்லு' என்பாய். ஐயா என்று சொன்னதில்லை. கடிதத்தில் பிழை இல்லை. 'தொடர்பாக' வரை எல்லாம் சரியாக இருந்தது. எங்கேயாவது ஒரு பிழை இருக்காதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன்.

பொறாமை இல்லை என்று பதிவு செய்திருந்தேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். வயிறு எரிகிறது. உன் மேல் எரிகிறதா, உன் நாற்காலி மேல் எரிகிறதா, அந்தத் தேநீர்க் கோப்பை மேல் எரிகிறதா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை. ஆனால் மனுவைப் பொறாமையில் எழுதவில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வாதங்கள் வலுவானவை.

நம் தெருமுனை நர்ஸுக்கு மாற்றல் வந்துவிட்டது. மலைப்பக்கம். விடைபெற்றுக்கொள்ள வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். நேரமில்லை என்று வாசலிலேயே நின்றாள்.

"இந்த வருஷத்துலேர்ந்து மாத்தல் கிடையாதுன்னாங்க சார். பிள்ளைகளை இங்கயே ஸ்கூல்ல சேர்த்துட்டேன். இப்ப யாரோ ஒரு மகராசன் மனு போட்டு நிறுத்தி வெச்சிருக்கானாம். ஆளு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார். மூட்டை முடிச்சு, பிள்ளைகுட்டி எல்லாத்தோடயும் அவன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறேன்."

அவள் நின்றது அவன் வீட்டு வாசலில்தான். நான், "பார்க்கலாம்மா" என்றேன். இது என்ன பதில்? ஆனால் அதைத்தான் சொன்னேன். போகும்போது, "மாத்திரையை விட்டுடாதீங்க. டெய்லர் மகளைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது என்று கேட்கத் தோன்றவில்லை.

பதில் எழுது. ஐயா என்றாவது எழுது.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

அன்புள்ள மேட்ரனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

புது நர்ஸ் நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பெயரைக் கேட்டு, வயதைக் கேட்டு, என்ன மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஆனால் டெய்லர் மகள் போவதை நிறுத்திவிட்டாள். டெய்லரிடம் கேட்டேன்.

"பழைய நர்ஸம்மான்னா இவளே ஓடுவா சார். இப்ப புதுசா ஒருத்தங்ககிட்ட எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லணும்னு கூச்சப்படறா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு ஒரு நாள் கிளம்பிப் போனா. வரிசையைப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டா."

ஆஸ்பத்திரி வரிசையில் உன் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை டெய்லரிடம் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று தோன்றியது. வழக்கம்போல் அதை யோசித்துக்கொண்டே மாடி ஏறி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெய்லர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓடி வந்தார். மகளுக்குக் காலையிலிருந்து தலைவலி. இப்போது கண் மங்குகிறது என்கிறாள். கைகால் வீங்கியிருந்தது. கர்ப்பத்தில் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது என்று நீ எத்தனை முறை யார் யாருக்கோ போனில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நானும் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மொதல் பிரசவத்துல ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார். டெய்லருக்குத் தெரியவில்லை. அவள் அப்போது வேறு ஊரில் கணவன் வீட்டில் இருந்தாளாம். கணவன் போன் எடுக்கவில்லை. அவளுக்கோ வார்த்தை குழறுகிறது. என் சட்டைப் பையில் நர்ஸின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"சார், அவளுக்கு மொதல் தடவையே வலிப்பு வந்துது. மாமியாருக்குப் பயந்து யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. டாக்டர்கிட்ட போனைக் குடுங்க, சீக்கிரம்."

கொடுத்தேன். அவர்கள் பேசினார்கள். டாக்டர் நடந்துகொண்டிருந்தவர் ஓட ஆரம்பித்தார்.

பெண் பிழைத்தாள். குழந்தையும். மிகச் சிறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். டெய்லர் பெட்டிக்கு வெளியே நின்று விரலால் காற்றிலேயே அளவெடுக்கிறார். "சட்டை தைக்கணும்னா துணியே வேணாம் போலிருக்கு சார், கத்தரிச்சு மிஞ்சினதே போதும்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அன்று மாலை நர்ஸுக்கு மறுபடி போன் செய்தேன். அந்த மனு போட்டவன் நான்தான் என்று சொன்னேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சரி சார். மூட்டை முடிச்சை அப்புறம் கட்டறேன். புள்ள எடை என்னன்னு கேட்டுச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 9

என்னங்க,

குழந்தை வளர்கிறதா? தாய்க்குப் பிரஷர் இறங்கியதா? வீட்டுக்கு அனுப்பினாலும் சில வாரம் விடாமல் பார்க்க வேண்டும். புது நர்ஸிடம் நானே பேசிவிட்டேன். அவள் வீடு திரும்பியதும் தினமும் வீட்டுக்கே வந்து பார்ப்பாள்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் ஆட்சேபணை சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு எழுதாமல் அலுவலகத்துக்கு எழுதினீர்களே, அதுதான். எனக்கு எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உங்களோடு சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று! பொதுமக்களோடு சண்டை போட முடியாது. ஐயா என்றுதான் எழுத முடியும்.

உங்கள் மனுவைப் பார்த்துத் தாடி டாக்டர் சிரித்தார். "வீட்லயே எதிர்க்கட்சியா மேடம்?" என்றார். என் வீட்டைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது. அதற்குப் பிறகு தேநீர் இல்லை. யாருக்கும் வருத்தமில்லை.

நான்காவது ஆட்சேபணையை நானும் யோசித்தேன். மூன்று வருட விதி நர்ஸுக்கும் டாக்டருக்கும்தான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆறாம் பத்தி. எழுதியது நீங்கள். நான் ஊர் ஊராகப் பெட்டி தூக்கினேன். நீங்கள் ஒரே நாற்காலி, ஒரே வீடு. ஓரிடத்தைத் தமதென்று நினைப்பது நிர்வாகத்துக்குக் கேடு என்று எழுதினீர்களே, யாரைப் பார்த்து எழுதினீர்கள்?

மூன்று வருடத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். கேட்டிருந்தால் நீங்கள் போனில் 'சரி, சரி' என்று சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம்.

19ஆம் தேதி விசாரணை. ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதானால் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். அதுவும் உங்கள் விதிதான்.

புதுக் கண்ணாடி மகளுடைய தேர்வு.

வீட்டுக்காரி


ஏப்ரல் 14

அன்புள்ள மேட்ரனுக்கு,

இந்தக் கடிதத்தில் அடங்கியவை:

1. குழந்தை
2. பயணம்
3. தாடி டாக்டர்
4. ஆட்சேபணைகள்

ஒன்று. வளர்கிறது. தாய்க்குப் பிரஷர் இறங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழந்தை மட்டும் இன்னும் பெட்டியில். புது நர்ஸ் வந்தாள். முதல் நாள் டெய்லர் மகள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் புது நர்ஸ் தன் பிரசவக் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தாள். அதன் பிறகு இருவருக்கும் நடுவில் என்னால் மாடி ஏற முடியவில்லை, படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய நர்ஸ் திரும்பி வந்தால் இவள் எங்கே போவாள் என்று இப்போதே கவலையாக இருக்கிறது. உங்கள் வரைவில் இதற்கு வழி இல்லை. கவனிக்கவும்.

இரண்டு. 18ஆம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். ஆட்சேபணைக்காரனாக வருகிறேனா, வீட்டுக்காரனாக வருகிறேனா என்று நிச்சயமில்லை. பெரிய பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். டெய்லர் பார்த்துவிட்டு, "என்ன சார், வெயிட்டா இருக்கு. மாத்தலா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. சாவி அவரிடம். உன் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்குமா? இல்லையென்றால் நகரும் கட்டிலை இழுத்துப் போட ஓர் ஆள் கிடைத்தான் என்று வைத்துக்கொள்.

மூன்று. பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். முன்பு ஒரு முறை அப்படிப் பதிவு செய்து திருத்த வேண்டிவந்தது. விசாரணைக் கூடத்தில் நீ மேடையில் இருப்பாய், நான் பெஞ்சில் இருப்பேன். எரியும். தாடி டாக்டரை முறைக்கலாம் என்று இருக்கிறேன். நிலைக்கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். தும்மல் வரப்போகிற ஆள் மாதிரி இருக்கிறது. ஆனால் நீ அவரிடம் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் பலமுறை படித்தேன். அதில் 'என் வீடு' என்று இருந்தது.

நான்கு. முதல், இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆட்சேபணைகள் அப்படியே நிற்கின்றன. சிபாரிசில் நல்ல இடம் பிடிப்பவர்களை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்பேன். நீ பதில் சொல்ல வேண்டும். மேடையிலும் சொல்லலாம், பிறகு சலவைக்கூடத்துக்கு மேலேயும் சொல்லலாம். சண்டைக்குத் தயாராக வருகிறேன்.

அந்த நர்ஸ், மலைப்பக்கம் மாற்றல் ஆன பிறகும், நம் தெருவைத் தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் நம்பரை எழுதிக் கொடுத்தாள். அதனால்தான் போனை எடுத்தாள். நான் யாரைப் பார்த்து எழுதினேன் என்று கேட்டிருந்தாய். அதற்கும் பதில் தெரியும். நேரில் சொல்கிறேன்.

கையெழுத்தோடு எழுத்தில் தருகிறேன். நான்காவது ஆட்சேபணை தவறு.

உன்
வீட்டுக்காரன்